உங்கள் கவுண்டியிலேயே இருக்கும் ஸ்காலர்ஷிப்: விண்ணப்பிக்கும் வழி

அமெரிக்காவில் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன பேச்சு ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண், கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி பாடம் எத்தனை, அப்புறம் நாடு முழுக்கப் பெயர் போன நாலைந்து ஸ்காலர்ஷிப்கள். அந்தப் பெரியவற்றில் ஒன்றான கோகோ கோலா ஸ்காலர்ஷிப்புக்கு ஆண்டுக்கு 150 இடம்தான், விண்ணப்பிப்பவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மூன்று வாரம் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளை, தன் கவுண்டியிலேயே (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனின், அதாவது ஊர்க்காரர்களின் நன்கொடையைச் சேர்த்து வைத்து உதவித்தொகை கொடுக்கும் அமைப்பின், விண்ணப்பத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே போட்டி அந்த ஊர்ப் பிள்ளைகளோடுதான். சில நிதிகளுக்கு ஒரே ஒரு பள்ளியின் பிள்ளைகள் மட்டும்தான் போட முடியும், அதிலும் பாதிப் பேர் போட மாட்டார்கள்.

எங்கள் பகுதி ஃபவுண்டேஷனில் விண்ணப்பங்களை வாசிக்கும் தன்னார்வக் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். நம் பிள்ளைகளின் விண்ணப்பம் மிகக் குறைவாக வருகிறது, வருவதிலும் பாதி அரைகுறையாக வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது

1914-இல் கிளீவ்லாந்தில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கிக்காரர் தொடங்கியதுதான் முதல் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன். பணக்காரர்கள் உயிலில் ஏதோ ஒரு நிபந்தனை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், ஐம்பது வருடம் கழித்து அந்த நிபந்தனைக்குப் பொருளே இருக்காது, பணம் வங்கியில் முடங்கிக் கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனிதர், பல பேருடைய நன்கொடையை ஒரே இடத்தில் சேர்த்து உள்ளூர்க் குழு ஒன்று காலத்துக்கு ஏற்றபடி செலவழிக்கட்டும் என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று அமெரிக்காவில் இப்படி 900-க்கும் மேற்பட்ட ஃபவுண்டேஷன்கள் இருக்கின்றன.

ஒரு ஃபவுண்டேஷனுக்குள் பல சின்னச் சின்ன நிதிகள் இருக்கும். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை விட்டுப்போன பணம், விபத்தில் இறந்த மகன் நினைவாக ஒரு குடும்பம் போட்டது, ரோட்டரி கிளப் போட்டது, விவசாயக் குடும்பம் நிலத்தை விற்றுக் கொடுத்தது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவரின் விருப்பம் ஒட்டிக்கொண்டிருக்கும்: நர்ஸிங் படிப்பவர், இன்ன பள்ளியின் இசைக்குழுவில் இருந்தவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர், வெல்டிங் கற்கப் போகிறவர். இதையெல்லாம் பார்த்து "நமக்கு எதுவும் பொருந்தாது" என்று மூடிவிடாதீர்கள். இந்தக் குறுகலான நிபந்தனைகளே போட்டியைக் குறைக்கின்றன. உங்கள் மகள் ஓபோ என்ற ஊதுகருவியை வாசிப்பவள் என்றால், ஓபோ வாசிப்பவருக்கென்றே யாராவது பணம் வைத்திருந்தால், அந்த வருடம் அந்த ஊரில் எத்தனை பேர் போடுவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தொகை பெரும்பாலும் 500 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை இருக்கும். சிறிதுதான். ஆனால் 1,000 டாலர் நான்கு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்றால் அது 4,000. அதோடு, ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று நிதிகளிலிருந்து கிடைப்பதும் உண்டு.

பெரிய தொகையும் இல்லாமல் இல்லை. இண்டியானாவில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது லில்லி எண்டோமென்ட் கம்யூனிட்டி ஸ்காலர்ஷிப். 1998 முதல் நடக்கிறது. மாநிலத்தின் 92 கவுண்டிகளிலும் அந்தந்தக் கவுண்டி ஃபவுண்டேஷன் வழியாகவே தேர்வு. கிடைத்தால் இண்டியானாவுக்குள் இருக்கும் எந்த அரசுக் கல்லூரியிலும், லாப நோக்கமில்லாத தனியார் கல்லூரியிலும் நான்கு வருட இளங்கலைப் படிப்பின் முழு ட்யூஷனும் கட்டப்படும். நோட்டர் டேமும் இண்டியானாவில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கவுண்டிக்குச் சில பேருக்குத்தான் கிடைக்கும். பல கவுண்டிகளில் இதற்கான விண்ணப்பம் சீனியர் வருடம் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்கும்போதே முடிந்துவிடும், ஆகவே கோடை விடுமுறையிலேயே பார்க்க வேண்டும். நவம்பரில் விழித்துக்கொண்டு கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்றே தெரிவதில்லை.

எங்கே தேடுவது

உங்கள் கவுண்டி பெயரைப் போட்டுப் பக்கத்தில் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்று தேடினால் வந்துவிடும். வராவிட்டால் கவுன்சில் ஆன் ஃபவுண்டேஷன்ஸ் என்ற அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடும் வசதி இருக்கிறது. பெரு நகரங்களில் ஒன்றுக்கு மேல் இருக்கும்: கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் சிலிக்கான் வேலி கம்யூனிட்டி ஃபவுண்டேஷனும் இருக்கிறது, ஈஸ்ட் பே கம்யூனிட்டி ஃபவுண்டேஷனும் இருக்கிறது. டாலஸ் பக்கம் கம்யூனிட்டீஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் டெக்சஸ், ராலி, டர்ஹம் பக்கம் ட்ரையாங்கிள் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன். வீட்டு முகவரியை வைத்து ஒரு ஃபவுண்டேஷன், பள்ளி இருக்கும் கவுண்டியை வைத்து இன்னொன்று என்று இரண்டிலும் தகுதி வரலாம், எல்லையோரம் குடியிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அப்புறம் பள்ளி கவுன்சிலர். அவரிடம் உள்ளூர் ஸ்காலர்ஷிப் பட்டியல் ஒன்று இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையே போய்க் கேட்பது நல்லது. பின்னால் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டிய ஆள் அவர்தான், பிள்ளையின் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு இல்லையே, நமக்குக் கிடைக்குமா

எங்கே போனாலும் கேட்கப்படும் கேள்வி இது. மத்திய அரசின் உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. இதைக் கேட்டதும் பல வீடுகளில் மொத்த ஸ்காலர்ஷிப் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் பணம் அரசுப் பணம் இல்லை. சில நிதிகள் குடியுரிமை கேட்கும், சில நிதிகள் "இந்தக் கவுண்டியில் குடியிருக்க வேண்டும், இங்குள்ள பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நிதிக்கு நிதி மாறும். விதிமுறையில் தெளிவாக இல்லையென்றால் ஃபவுண்டேஷனுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அதற்கென்று ஒரு அலுவலர் இருப்பார், பொதுவாக இரண்டு மூன்று நாளில் பதில் வரும். ஃபாஃப்சா முடிவை இணைக்கச் சொல்லும் இடத்தில் எச்-4 பிள்ளைகள் என்ன செய்வது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பெற்றோரின் வரிக் கணக்கை மாற்றாக ஏற்கும் இடங்கள் உண்டு.

வருமானம் அதிகம் என்ற தயக்கம்

போன வருடம் ஒரு நண்பர், "அண்ணே, நான் ஐடி, அவ பார்மசியில, எங்க வருமானத்தைப் பார்த்தா சிரிப்பாங்க" என்றார். சிரிக்க மாட்டார்கள். மதிப்பெண், சேவை, குறிப்பிட்ட படிப்பு ஆகியவற்றை மட்டும் பார்க்கும் நிதிகளில் வருமானமே கேட்பதில்லை. தேவையைப் பார்க்கும் நிதிகளிலும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, பெரும்பாலான விண்ணப்பங்களில் குடும்பச் சூழ்நிலையைச் சொல்ல ஒரு பெட்டி இருக்கும். நம்மவர்கள் அந்தப் பெட்டியைக் காலியாக விடுகிறார்கள், கௌரவம். வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, ஊரில் அப்பாவின் டயாலிசிஸ் செலவுக்கு மாதம் பணம் போகிறது, மூத்தவன் ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிறான் என்பதெல்லாம் அங்கே எழுத வேண்டிய விஷயம். கடைசியாகச் சொன்னது இப்போது இன்னும் முக்கியம், ஏனென்றால் 2024-25 முதல் மாறிய ஃபாஃப்சா கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் கிடைத்த சலுகை போய்விட்டது. குடும்பத்தின் நிதி நிலையை அளந்து காட்டும் பழைய இஎஃப்சி எண்ணுக்குப் பதிலாக எஸ்ஏஐ என்ற எண் வருகிறது, அந்த எண் உங்கள் வீட்டு நெருக்கடியைச் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், புலம்பாமல், நாலு வரியில், தொகையோடு.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பவர்கள், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஃபாஃப்சாவைப் போட்டு வையுங்கள். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். அதன் முடிவுத் தாளைக் கேட்கும் நிதிகள் நிறைய.

விண்ணப்பம் போடும்போது

பெரும்பாலான ஃபவுண்டேஷன்களில் ஒரே பொது விண்ணப்பம்தான். பிள்ளை தன் விவரங்களைப் போட்டதும் எந்தெந்த நிதிக்குத் தகுதி என்று அந்த மென்பொருளே பொருத்திக் காட்டும், சிலவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி இருக்கும். ஆகவே ஆரம்பத்தில் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகளை அலட்சியமாகத் தாண்டக் கூடாது. "உங்கள் பெற்றோரில் யாராவது இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார்களா", "எந்தத் துறையில் படிக்க விருப்பம்", "4-எச் என்ற இளைஞர் கிளப்பில் இருந்திருக்கிறீர்களா" என்று வரும். துறையை "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று விட்டால் அந்தத் துறைக்கான நிதிகளின் பட்டியலில் உங்கள் பெயரே வராது. ஓரளவு சாய்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் போடாதீர்கள். பல பள்ளி மாவட்டங்கள் வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலைத் தடுத்து வைத்திருக்கின்றன, போதாக்குறைக்கு ஜூன் மாதம் பிள்ளை பட்டம் வாங்கி வெளியேறியதும் அந்தக் கணக்கே மூடப்படும். வெற்றி பெற்றதாக அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வராமல், கடைசியில் பணம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்த பிள்ளைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மாவின் முகவரியும் வேண்டாம். பிள்ளை பெயரில் தனியாக ஒரு ஜிமெயில், அதை வாரம் இரண்டு முறை திறந்து பார்க்கும் பழக்கம், போதும்.

சிபாரிசுக் கடிதம் தனிக் கதை. ஆசிரியரின் மின்னஞ்சலைப் பிள்ளை உள்ளிட்டதும் மென்பொருள் அவருக்கு ஒரு இணைப்பை அனுப்பும். அது நேராக ஸ்பாம் பெட்டிக்குள் போய் உட்காரும். ஆசிரியர் வரவில்லை என்று நினைப்பார், பிள்ளை எழுதிவிட்டார் என்று நினைக்கும், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குக் கதவு தானாக மூடிக்கொள்ளும். அதனால் குறைந்தது மூன்று வாரம் முன்பே நேரில் போய்க் கேட்டு, இணைப்பு அனுப்பிய அன்றே "மிஸ், உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், ஸ்பாமில் ஒரு முறை பாருங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். கேட்கும்போது கையில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த நிதிக்கு, என்ன படிக்கப் போகிறேன், உங்கள் வகுப்பில் நான் செய்த எந்த வேலை எனக்கு நினைவில் நிற்கிறது. அந்தக் கடைசி வரி இருந்தால்தான் கடிதம் உயிரோடு வரும், இல்லையென்றால் "நல்ல மாணவன், கடின உழைப்பாளி" என்று முப்பது பேருக்கு எழுதிய அதே கடிதம்தான். வேதியியல் டியூஷன் எடுக்கும் குடும்ப நண்பர், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் மாமா இவர்களெல்லாம் இரண்டாம் கடிதத்துக்கு வேண்டுமானால் சரி, உறவினர் கூடவே கூடாது.

எஸ்ஸே

இதில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியாக வேண்டும். வாசிப்பவர்கள் யார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், உள்ளூர் வங்கி மேலாளர், நர்ஸ், என்னைப் போல ஒருவர். மாலையில் வேலை முடிந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது விண்ணப்பம் வாசிக்கிறவர்கள். எல்லோருக்கும் மதிப்பெண் நான்குக்கு 3.9, எல்லோரும் ஏதோ ஒரு கிளப்பின் தலைவர். நம் பிள்ளைகள் பல கல்லூரிகளுக்கும் சேர்த்துப் போடும் பொது விண்ணப்பமான காமன் ஆப்புக்கு எழுதிய அதே எஸ்ஸேயை அப்படியே இங்கே ஒட்டிவிடுகிறார்கள், அது ஸ்டான்ஃபோர்டுக்காக மெருகேற்றப்பட்டது, உலகப் பசியையும் செயற்கை நுண்ணறிவையும் ஒரே பத்தியில் தீர்க்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது வேண்டாம். இந்தப் பிள்ளை இந்த ஊரில் என்ன செய்தது, எந்தத் தெருவில், யாரோடு, அதுதான் வேண்டும்.

இரண்டு தொடக்கங்களைப் பாருங்கள். நடை தெரிவதற்காக நான் எழுதியவைதான். "என் பெற்றோர் இரண்டு பெட்டிகளோடு இந்த நாட்டுக்கு வந்தார்கள், அவர்களின் தியாகம் எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தது" என்பது ஒன்று. "சனிக்கிழமை காலையில் நடுநிலைப் பள்ளியின் கஃபட்டீரியாவில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன், மூன்று சுழி ண-வை எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள், என்னால் அதை மாற்ற முடியவில்லை, இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்" என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்தை ஒரே மாலையில் நாலு முறை வாசித்தவருக்கு ஐந்தாவது முறை கண் நகர்ந்துவிடும். இரண்டாவதில் ஒரு ஆள் தெரிகிறார்.

தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருப்பது, பாட்டியோடு மருந்துக் கடைக்குப் போய் மொழிபெயர்ப்பது, கோயில் அடுக்களையில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கிண்டுவது, தம்பியைத் தினமும் பள்ளியிலிருந்து கூட்டிவந்து அம்மா வரும்வரை பார்த்துக்கொள்வது எல்லாமே எழுதத் தகுந்தவை. பல பிள்ளைகள் இதையெல்லாம் "அது வீட்டு வேலைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். மணிநேரக் கணக்கோடு எழுதுங்கள். ஆனால் கமிட்டிக்காரருக்கு அரங்கேற்றம் என்றால் என்னவென்று தெரியாது, ஒரு வரியில் விளக்கிவிட வேண்டும்: இத்தனை வருடப் பயிற்சி, தனியாக இரண்டு மணிநேர மேடை நிகழ்ச்சி. சும்மா "அரங்கேற்றம் செய்தேன்" என்று விட்டால் அது ஒரு பிறந்தநாள் விழா அளவுக்குத்தான் அவர் மனதில் பதியும்.

சொல் எண்ணிக்கையை மதியுங்கள், 500 என்றால் 500. கேள்வி கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாக்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், எங்களுக்குத் தெரிந்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளை எழுதிய விண்ணப்பத்தில் மேனேஜ்மென்ட் வாடை அடித்தால் குழுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சாட்ஜிபிடி எழுதியதும் அப்படித்தான், நாலு விண்ணப்பம் ஒரே குரலில் பேசும்.

கிடைத்த பிறகு

பெரும்பாலான ஃபவுண்டேஷன்களில் விண்ணப்பம் நவம்பர் முதல் ஜனவரிக்குள் திறந்து ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் மூடும், முடிவு ஏப்ரல், மே வாக்கில் வரும். ஏற்றுக்கொள்ளும் படிவத்துக்கு ஒரு கடைசி நாள் இருக்கும், நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்வார்கள். அதைக் கையால் எழுதினால் நல்லது. பணம் வழக்கமாகக் கல்லூரிக்கே போகும், பல இடங்களில் பருவத்துக்குப் பாதி பாதியாக.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கல்லூரிக்கு வெளியே கிடைத்த ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரியிடம் தெரிவித்தாக வேண்டும், சில கல்லூரிகள் உடனே தாங்கள் கொடுக்கவிருந்த உதவியில் அந்த அளவைக் குறைத்துவிடும். மேரிலாந்து 2017-இல் அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதைக் கட்டுப்படுத்திச் சட்டம் கொண்டுவந்தது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. எங்கே படித்தாலும் நிதி உதவி அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் முதலில் கடனையும் வொர்க் ஸ்டடியையும் குறைப்பீர்களா, உங்கள் கிராண்ட்டைக் குறைப்பீர்களா?" வொர்க் ஸ்டடி என்பது படிக்கும்போதே செய்யும் பகுதிநேர வேலை, கிராண்ட் என்பது திருப்பிக் கட்ட வேண்டாத உதவி. கடனைக் குறைத்தால் உங்களுக்கு லாபம். கிராண்ட்டைத்தான் குறைப்போம் என்றால், பணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஃபவுண்டேஷனிடம் கேட்கலாம், சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: பட்டப்படிப்புக்கான ட்யூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்குத் தேவையான புத்தகம், உபகரணம் இவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப் பணத்துக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அது மாணவரின் வருமானக் கணக்கில் வரும். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வெளியீடு 970-இல் விவரமாக இருக்கிறது.

விண்ணப்பிக்கப் பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், எந்தக் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனும் மாணவரிடம் கட்டணம் வாங்காது. வங்கிக் கணக்கு எண்ணை முன்கூட்டியே கேட்பதும் அப்படித்தான்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழா மேடையில் ஆளுக்கு 200 டாலர் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதற்குப் பதிலாக, உள்ளூர் ஃபவுண்டேஷனிலேயே ஒரு நிதி தொடங்கலாம். நிரந்தர நிதிக்குக் குறைந்தபட்சத் தொகை பல இடங்களில் 10,000 முதல் 25,000 டாலர் வரை. ஆண்டுக்கு அதில் 4, 5 சதவீதம் அளவுக்குச் செலவழிப்பார்கள், அதாவது 25,000 போட்டால் வருடம் ஏறக்குறைய 1,000 டாலர், முதல் அப்படியே இருக்கும். ஆனால் தேர்வை ஃபவுண்டேஷன் அமைக்கும் குழுதான் செய்யும், நம் செயற்குழுவில் இருப்பவர் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. சில சங்கங்களில் பேச்சு அங்கேயே நின்றுபோகும் என்பது வேறு விஷயம்.

முதல் வருடம் கிடைக்காவிட்டாலும் கணக்கை மூட வேண்டாம். கல்லூரியில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுகிறவர்களுக்கும், முதுகலைக்குப் போகிறவர்களுக்கும் நிதி வைத்திருக்கும் ஃபவுண்டேஷன்கள் உண்டு. அந்தப் பட்டியலில் கூட்டம் இன்னும் குறைவு. அடுத்த விண்ணப்பம் திறக்கும் தேதியைப் பிள்ளையின் போனில் இப்போதே போட்டு வைக்கச் சொல்லுங்கள், போன வருடம் எழுதிய விவரங்கள் பெரும்பாலும் அதே கணக்கில் அப்படியே இருக்கும், மதிப்பெண் பட்டியலையும் எஸ்ஸேயையும் மட்டும் புதிதாக ஏற்றினால் போதும்.